தாகம் எடுத்தவர்களுக்கு மட்டும்

"கெடைச்சுதாப்பா?"

"இன்னும் இல்ல. ஆனா இங்கதான் இருக்கு."

இந்தப் பதிலை ஸ்டோர்கீப்பர் பூங்கா பெஞ்சுக்கு அடியிலிருந்து சொன்னார். மல்லாந்து படுத்திருந்தார். ஐம்பது வயது மனிதர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுப் பெஞ்சின் அடியில் மல்லாந்து கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ, அதையே நினைத்துக்கொண்டு பலரும் விலகி நடந்தார்கள். பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த பதினான்கு வயது மகள், அப்பாவின் மூக்கில் செருப்பு பட்டுவிடக் கூடாதே என்று காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டாள். யாரோ ஒட்டிவைத்துவிட்டுப் போன பபிள்கம் ஒன்று ஸ்டோர்கீப்பரின் கைக்கு அகப்பட்டது. அன்றைக்கு அவருக்கு அகப்பட்டது அது ஒன்றுதான்.

மகள் அவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் சொந்தம். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடமாக அந்த நான்கு மணி நேரத்தை எப்படி நிரப்புவது என்பதே அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை. மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் பதினோரு தடவை போயாகிவிட்டது. குரங்குகளே இவர்களைப் பார்த்தால் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டன.

போன வாரம் முன்னாள் மனைவியிடமிருந்து செய்தி வந்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மகளுடைய டியூஷன் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாறுகிறது, அவளுக்கு உங்களோடு வரத்தான் விருப்பம் என்றால் டியூஷனை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், முடிவை அவளே சொல்லட்டும், நான் எதுவும் சொல்லமாட்டேன். மாதம் முடிய இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி. 'நான் எதுவும் சொல்லமாட்டேன்' என்று அவள் சொன்னால் எவ்வளவு சொல்லிவிட்டாள் என்று பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா?

அவள் மறுமணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது. புது மாப்பிள்ளைக்கு நில அளவையில் வேலை. "ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து முடிச்சு, கடைசியில என் எடத்தையும் அளந்துட்டான்" என்று ஸ்டோர்கீப்பர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் சொல்லிச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்வார். அந்த ஆளை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை. பேச்சுவாக்கில் எப்போதாவது வரும்போது மகள் அவனை 'அங்கிள்' என்றுதான் சொல்வாள். அந்த ஒரு சொல்லைக் கொழுகொம்பாகப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டோர்கீப்பர் இரண்டு வருடத்தைத் தள்ளியிருந்தார்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்தான் இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர். ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவைப் பொது இடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். கூடவே ஒரு குறிப்பும் இருக்கும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அனுபவத்தைத் தளத்தில் எழுத வேண்டும். பரிசு கிடையாது, பதக்கம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார் டெக்னீஷியன். அது போதாதா?

ஸ்டோர்கீப்பருக்கு உற்சாகம் பொங்கியது. இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஊசியிலிருந்து ஸ்ட்ரெச்சர் வரை எடுத்துக் கொடுப்பவர். ஏழாம் அலமாரி, மூன்றாம் தட்டு, இடது கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். தளத்தில் 'துப்பறியும் புலி' என்று பெயர் பதிந்துகொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் புலி மறந்துவிட்டது. தான் வைத்ததைத்தான் அவரால் எடுக்க முடியும். அடுத்தவர் வைத்தது கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. வீட்டில் கண்ணாடி, சீப்பு, சாவி எதுவும் அவராகக் கண்டுபிடித்த சரித்திரமே இல்லை. விவாகரத்துக்கு முன் ஆலோசகர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசியபோது மனைவி சொன்னது இது: "அந்த வீட்டுக்குள்ள பன்னெண்டு வருஷம் நான் இருந்தேன் மேடம். என்னையே இவரால கண்டுபிடிக்க முடியல." ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். ஸ்டோர்கீப்பர் அப்போது கீழே விழுந்த பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

விளையாட்டைப் பற்றி மகளிடம் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். "அது எப்படி ஆடுறதுப்பா?" என்று கேட்டாள். அவர் அட்சரேகையிலிருந்து ஆரம்பித்து இருபது நிமிடம் விளக்கினார். மகள் ஒரு தடவைகூடப் போனைப் பார்க்காமல் கேட்டாள். மூன்று வருடத்தில் அப்படி ஒரு இருபது நிமிடம் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

முதல் ஞாயிறு பேருந்து நிலையத்தின் பின்புறம் தேடினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து நிறுத்தினார். இரண்டாவது ஞாயிறு பாலத்தடியில் தேடினார்கள். சேறு நிறுத்தியது. அதனால்தான் மூன்றாவது வாரத்துக்கு இந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தார். ஐந்துக்கு ஒன்று என்று கடினம் போட்டிருந்தது. அதாவது குழந்தைகூட எடுத்துவிடும். ஒளித்துவைத்தவர் 'முக்காலி' என்ற பெயரில் தளத்தில் இருப்பவர், ஊரிலேயே அதிக டப்பா வைத்தவர், போன வருடம் வைத்திருக்கிறார். குறிப்பு ஒரே வரி: 'தாகம் எடுத்தவர்களுக்கு மட்டும்.'

பூங்காவின் பெயரைச் சொன்னதும் மகள் தயங்கினாள். "அந்தப் பூங்காவா? வேற எங்கயாவது போலாமேப்பா."

"ஏன்? அதுதான் சுலபம்னு போட்டிருக்கு."

"சும்மாதான். சரி, போலாம்."

ஸ்டோர்கீப்பர் குறிப்பை மூன்று நாள் ஆராய்ந்திருந்தார். தாகம் என்றால் அறிவுத் தாகம். பூங்காவில் செய்தித்தாள் படிக்கும் நிழற்குடை இருக்கிறது, அதையொட்டி ஒரு பெஞ்சு இருக்கிறது. போனின் புள்ளியும் ஏறக்குறைய அங்கேதான் நடுங்கிக்கொண்டு நின்றது. வேறென்ன வேண்டும்? பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

"அப்பா, தாகம்னா தண்ணிக் குழாயா இருக்குமோ?" என்று மேலிருந்து குரல் வந்தது. பத்துப் பன்னிரண்டடி தள்ளிச் செங்கல் மேடை கட்டிய குடிநீர்க் குழாய் ஒன்று இருந்தது.

"அவ்வளவு லேசா யாராவது வைப்பாங்களா? இதெல்லாம் மூளைக்கு வேலை குடுக்கிற ஆட்டம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மகள் மறுபடியும், எதற்கும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாமா என்றாள். அவர் போனை நீட்டி, புள்ளி எங்கே நிற்கிறது என்று காட்டினார். மூன்றாம் தடவை அவள் தனக்குத் தாகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஸ்டோர்கீப்பர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மகளைக் கொண்டுபோய் விட்டபோது, "அடுத்த வாரமும் தேடணுமாப்பா?" என்று கேட்டாள். அலுப்பில் கேட்டாளா ஆசையில் கேட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமையே தனியாகப் போய் டப்பா இருக்கும் இடத்தைப் பார்த்துவைத்துவிட வேண்டும். ஞாயிறு அங்கே மகளை நைசாக நகர்த்திவிட்டால் அவளாகக் கண்டுபிடிப்பாள். திட்டம் நல்ல திட்டம்தான். சனிக்கிழமை பெஞ்சு, நிழற்குடை, அதன் கூரை, அருகிலிருந்த மூன்று மரங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் குழாய் மேடைப் பக்கம் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் வந்து நின்றார், கையில் மண்வெட்டியோடு.

"என்ன சார் தேடுறீங்க? போன வாரமும் பெஞ்சுக்கு அடியில கெடந்தீங்களே."

டப்பா தேடுகிறேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரகசியமாகத் தேட வேண்டும், வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பது விளையாட்டின் விதி. வாழ்க்கையில் விதி எதையும் மீறாதவர் ஸ்டோர்கீப்பர்.

"மோதிரம் தொலைஞ்சுபோச்சு. கல்யாண மோதிரம்."

தோட்டக்காரருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல மனிதர், அதுதான் வினை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, குழாயடியில் கை கழுவியிருப்பீர்கள், தண்ணீரோடு போயிருக்கும் என்று தானே முடிவு செய்து, குழாயை மூடி, வடிகால் பலகையைப் பெயர்த்து, முழங்கை வரை உள்ளே விட்டார். கூட்டுகிற பெண்கள் இருவரையும் கூப்பிட்டுச் சருகுக் குவியலைச் சல்லடை போடச் சொன்னார். தண்ணீர் வரவில்லை என்று நடைப்பயிற்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, விஷயம் தெரிந்ததும் அவர்களும் புல்தரையில் குனிந்தார்கள். ஒரு பெரியவர் ஸ்டோர்கீப்பரின் தோளைத் தட்டி, போனது மோதிரம்தானே, சம்சாரம் நல்லாயிருக்காங்கல்ல, அது போதும் என்று தேற்றினார். ஒரு மணி நேரம் பதினோரு பேர் இல்லாத மோதிரத்தைத் தேடினார்கள். இருக்கிற டப்பாவைத் தேட யாருமில்லை.

டப்பா கிடைக்கவில்லை, விடிந்தால் ஞாயிறு. ஸ்டோர்கீப்பர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். நாலாம் அலமாரி, இரண்டாம் தட்டு. மூடி திருகும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தார். மூத்திரப் பரிசோதனைக்குக் கொடுக்கிற டப்பா, ஆனால் புதுசு. லேபிளைச் சுரண்டினார், முக்கால்வாசி வந்தது. ஒரு குட்டி நோட்டில் ஏழு பேர் கண்டுபிடித்ததாக ஏழு பேனாவில், ஏழு கையெழுத்தில் எழுதினார். இடது கையால்கூட ஒன்று எழுதினார். மாலையே போய்ப் பெஞ்சின் கால் சந்தில் செருகிவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஸ்டோரிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டுகூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் அவர். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பூங்கா வாசலிலேயே தோட்டக்காரர் எதிர்ப்பட்டார். மகளைப் பார்த்து, "பாப்பா, நல்லாயிருக்கியா?" என்று சிரித்தார். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர் மாதிரி பேசுகிற ஆள் என்று ஸ்டோர்கீப்பர் நினைத்துக்கொண்டார். மகள் தலையை ஆட்டிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து வேகமாக இழுத்தாள். அதற்குள் தோட்டக்காரர் கேட்டுவிட்டார்.

"சார், கல்யாண மோதிரம் கெடைச்சுதா?"

மகள் நின்றாள். அப்பாவின் வெறும் விரலைப் பார்த்தாள். "இன்னுமாப்பா அதைப் போட்டுட்டிருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் இல்லையென்றும் சொல்ல முடியாமல் ஆமென்றும் சொல்ல முடியாமல், பெஞ்சு அந்தப் பக்கம் என்றார். அந்த மோதிரத்தை விற்று மூன்று வருடம் ஆகிறது.

பெஞ்சருகில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே மகள் டப்பாவை எடுத்துவிட்டாள். எடுத்தவள் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தாள். நோட்டிலிருந்த ஏழு பேரையும் படித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், ரொம்ப நேரம். "சூப்பர்ப்பா" என்றாள்.

ஸ்டோர்கீப்பருக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் தளத்தில் 'ஒரு புலியும் அதன் குட்டியும்: எங்கள் முதல் கண்டுபிடிப்பு' என்று மூன்று பக்கத்துக்கு அனுபவம் எழுதினார். புதிதாக இந்த விளையாட்டுக்கு வருகிறவர்களுக்குப் பத்து அறிவுரையும் சொன்னார். டப்பாவைப் படம் எடுத்துப் போட்டார்.

அடுத்த நாள் காலை, கீழே முக்காலியின் பதில் இருந்தது. "வாழ்த்துகள். ஆனால் நான் வைத்தது தகர டப்பா. நீங்கள் படத்தில் காட்டியிருப்பது ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கிறது. புலி அதை எதற்காக நிரப்பப் போனது?"

நாற்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஒருவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவர் கூடுதலாகச் சிரிக்க வேண்டி அந்தப் படத்தை ஆஸ்பத்திரி குழுவில் போட, சுரண்டாமல் விட்ட கால்வாசி லேபிளில் ஸ்டோர் எண் தெரிய, மதியத்துக்குள் கண்காணிப்பாளரிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'மேற்படி டப்பா பூங்காவுக்குச் சென்ற விதம் குறித்து' என்று எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாங்கிய முதல் மெமோ.

மெமோவைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. மகள் அந்தத் தளத்தைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஏமாற்றிய அப்பனோடு எந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவாள்? அன்று ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து முக்காலிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் எழுதினார். நான்கு மணி நேரம், டியூஷன், குரங்குகள், மோதிரம், ஏழு பேனா. தனக்கு எதையும் கண்டுபிடிக்கத் தெரியாது என்றும், மனைவி போனதே அதனால்தான் என்றும் எழுதினார். இனி ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம், என் மகள் முன்னால் ஒரு தடவை ஜெயித்த மாதிரி நிற்க வேண்டும், தயவுசெய்து உங்கள் கேள்வியை எடுத்துவிட்டு டப்பா எங்கே என்று சொல்லுங்கள், உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்று முடித்தார். இதில் பாதியைக்கூட அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆலோசகரிடம்கூட.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"சார், மன்னிக்க வேண்டும். கேலியை எடுத்துவிட்டேன். எனக்கும் உங்கள் மகள் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போட்டாள், ஒரு அப்பாவை இப்படியா பேசுவது என்று. இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. டப்பா குழாய் மேடையின் பின்பக்கம் இருக்கிறது. கீழிருந்து இரண்டாவது வரிசை, இடது ஓரச் செங்கல், இழுத்தால் வரும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போகாது, கவலைப்படாதீர்கள்."

ஸ்டோர்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத மனிதனிடம் இவ்வளவு மனசா? உடனே பதில் எழுதினார். "உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதம். அருமையாக வளர்த்திருக்கிறீர்கள்."

கடைசி ஞாயிறு. மகள் வழக்கத்தைவிட அமைதியாக வந்தாள். இந்த முறை அவர் பெஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. "போன வாரம் கெடைச்சது வேற யாரோ வெச்ச டப்பாவாம். நீ அன்னைக்குச் சொன்னியே, குழாய்னு. யோசிச்சுப் பாத்தேன், அதுதான் சரின்னு படுது" என்றார். மேடையைச் சுற்றி வந்தார். தெரியாத மாதிரி இரண்டு செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். அவளும் தெரியாத மாதிரி மூன்றாவதைத் தட்டினாள். பிறகு அவர் குனிந்து, இரண்டாவது வரிசை இடது ஓரத்தை இழுத்தார். செங்கல் வந்தது. உள்ளே தகர டப்பா.

"அப்பா, கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள் மகள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இந்தக் குழந்தைக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்க இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நோட்டை அவள்தான் எடுத்தாள். முன்பக்கங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினாள். அவர் 'துப்பறியும் புலி' என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அவள் பக்கத்தில் சின்னதாக 'குட்டி' என்று எழுதி மூடிவைத்தாள்.

"டியூஷனைச் சனிக்கிழமைக்கு மாத்திக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்ப்பா. அடுத்த வாரமும் வரேன்."

சொல்லிவிட்டு, இன்றைக்கு ஐஸ்கிரீம் என் செலவு என்று வாசல் கடைக்கு ஓடினாள். ஸ்டோர்கீப்பர் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மெமோவுக்கு நாளைக்கு உண்மையையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. உண்மையால் இனி அவருக்கு என்ன நஷ்டம்?

தோட்டக்காரர் தண்ணீர்க் குழலை இழுத்துக்கொண்டு வந்தார். மோதிரம் கிடைத்ததா என்று வழக்கம்போல விசாரித்தார். ஸ்டோர்கீப்பருக்கு அன்று யாரிடமும் பொய் சொல்ல மனசில்லை. மோதிரமே தொலையவில்லை, தேடினது ஒரு தகர டப்பாவை, இதோ இந்தச் செங்கல்லுக்குப் பின்னால் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

தோட்டக்காரர் குழலைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"அட, இதுக்கா சார்? அன்னைக்கே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. போன வருஷம் அந்தப் பாப்பாவும் அவங்கப்பாவும் சேர்ந்துதான் இதை இங்க வெச்சாங்க, செங்கல்லைப் பேக்க உளி குடுத்ததே நான்தான். ஆமா, நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"